தலயாத்திரை: நடையும் தடையும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் முறைப்படி சென்று வழிபடுதல் சைவ நன்மக்களுக்குத் தொன்றுதொட்டு வந்த கடப்பாடாகும். அது சரியை நெறியின்பாற்படும் என்பதனை அறியாதார் இலர். ஆயினும், அதனோடு ஒத்த தோற்றமுடைய பிறிதொரு வழக்கம் இந்நாளிற் பெருகி வருகின்றது. நகரங்களிற் பணிபுரிவோர் சிலர் விடுமுறை நாட்களில் ஒருங்கு கூடி, பழைய தலங்களை இணைக்கும் வழிகளிற் பல நாள் கால்நடையாகவே சென்று, ஊர்தோறும் தங்கி, வயலும் ஏரியும் கோபுரமும் கண்டு, உடல்நலமும் உள்ளக்கிளர்ச்சியும் பெற்று மீள்கின்றனர். பிற நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. இசுப்பானிய நாட்டிற் சந்தியாகு என்னும் நகரை நோக்கிச் செல்லும் பழைய கிறித்தவப் பெருவழியிற் கடைசி 100 கிலோமீட்டரையேனும் நடந்து வந்தார்க்கு அதற்கெனச் சான்றிதழ் ஒன்று வழங்குகின்றனர். சப்பான் நாட்டுச் சிக்கோக்குத் தீவில் 88 புத்தக் கோயில்களை வலம்வரும் வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வழிகளில் நடப்பார் எல்லாரும் அடியவர் அல்லர். எல்லாரும் வெறிதே உலாவுவோரும் அல்லர்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. இன்பம் கருதி நடக்கும் இந்நடை தலயாத்திரையாகுமா, ஆகாதா? ஆகாது எனின், யாத்திரையினின்றும் அதனைப் பிரித்துக் காட்டும் இலக்கணம் யாது? ஆகும் எனின், ஆன்றோர் அதற்கென விதித்த நியமங்கள் எற்றுக்கு? இவ்வினா நடப்போர்க்கு மட்டும் உரியதன்று. நடவாது வீட்டிலிருப்போர்க்கும், வண்டியேறிச் சென்று வழிபட்டு மீள்வோர்க்கும் உரியது. தாம் செய்வது வழிபாடோ, வழிபாட்டின் உருவில் வரும் தன்னலமோ என்று ஐயுறாத அன்பர் உலகில் அரியர் ஆகலின், இதனைச் சிறிது ஆராய்தல் பயனுடைத்து.

இவ்வாராய்ச்சிக்குப் புதுவையைச் சார்ந்த வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களும், அவற்றைச் சூழ்ந்த நடுநாட்டுத் தலங்களும் மிகப் பொருந்திய நிலமாகும். என்னை? சைவ வரலாற்றிற் பெயர்பெற்ற நடைகள் பல இந்நிலத்தை ஒட்டியே நிகழ்ந்தன ஆகலின். புதுவையின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரிற் சோழர் காலத்துக் கற்றளியாகிய மூலநாதர் திருக்கோயில் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டிற் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனது எட்டாம் ஆட்சியாண்டில் எழுந்த செப்பேடு, அவ்வூரில் இருந்த வித்தியாத்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் அறமாக விடப்பட்டமையைக் கூறுகின்றது. பாகூரினின்று தெற்கே பெண்ணையாற்றைக் கடந்தால், கல்லே புணையாக நாவுக்கரசர் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரை அடையலாம். அங்கிருந்து மேற்கே கெடிலக்கரையில் திருமாணிகுழியும், அப்பால் திருவதிகை வீரட்டானமும் உள்ளன. அடுத்து, நம்பியாரூரர் தவநெறி வேண்டிய திருத்துறையூர். அதன்பின் அவர் தடுத்தாட்கொள்ளப்பெற்ற திருவெண்ணெய்நல்லூர். இனி வடகிழக்காகத் திரும்பிப் பெண்ணையை மீளவும் கடந்தால் விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர். அங்கிருந்து கிழக்கே வருவார்க்கு மதகடிப்பட்டில் இராசராச சோழன் காலத்துக் குண்டாங்குழி மாதேவர் கற்றளியும், அதனை அடுத்துத் திருபுவனையும் எதிர்ப்படும். முதலாம் இராசாதிராசன் காலத்தில் 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் இருந்த கல்விச்சாலையொன்றை ஓம்பியமைக்குக் கல்வெட்டுச் சான்றுடைய ஊர் திருபுவனை. பின்னர், திருவாண்டார்கோயில் என இன்று வழங்கும் திருவடுகூர். பாதிரிப்புலியூரைப் போலவே திருஞானசம்பந்தர் திருப்பதிகம் பெற்ற இத்தலம் புதுவை எல்லைக்குள்ளே அமைந்தது. அப்பால், திருக்காமீசரும் கோகிலாம்பிகையும் எழுந்தருளிய வில்லியனூர். அதனை அடுத்துச் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சி. மீண்டும் தெற்கே நடந்தால் பாகூர் ஏரி. நாளொன்றுக்கு ஒரு பகல் நடையாக ஏழெட்டு நாளில் முற்றும் வட்டம் இது.

இவ்வட்டத்தின் சிறப்பு ஒன்றுண்டு. சித்தாந்த சாத்திர முதலாசிரியராகிய மெய்கண்டதேவர் வாழ்ந்தது திருவெண்ணெய்நல்லூர். அவர்தம் மாணவராகிய அருணந்தி சிவாசாரியரது ஊர் திருத்துறையூர். உண்மை விளக்கம் அருளிய மனவாசகங்கடந்தார் திருவதிகையினர். ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் கால்நடையாகவே சென்று காணத்தக்க தொலைவிற் சித்தாந்தம் பிறந்து வளர்ந்தது. 1905-ஆம் ஆண்டு ஞானியாரடிகளின் முயற்சியாற் சைவசித்தாந்த மகாசமாசம் தோன்றியதும் இந்நிலத்துத் திருப்பாதிரிப்புலியூரிலேயே. அடியவரின் கால் பட்ட வழி யாருடைய ஆட்சி எல்லையையும் கருதியதன்று. 1954-ஆம் ஆண்டுவரை இவ்வூர்களுக்கு இடையே பிரெஞ்சு எல்லையும் சுங்கக் காவலும் இருந்தன. புதுவை நிலமும் பிற நிலமும் ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடத்தலின், வட்டம் வருவோர் எல்லையைப் பலகால் கடக்க நேர்ந்தது. எல்லைகள் மாறின; கோயில்களும் வழிகளும் எஞ்சி நிற்கின்றன.

இனி, பாகூரினின்று இருவர் ஒரே வைகறையில் இவ்வட்டத்தை வலம்வரப் புறப்படுகின்றனர் என்று கொள்க. ஒருவன் நோய் தீர்ந்தமைக்கு நேர்ந்துகொண்டவன். நீறணிந்து, ஒருவேளை உண்டு, காலணியின்றி நடக்கின்றான். மற்றையோன் விடுமுறையாளன், நல்ல காலணியும், தோட்பையும், வழியைக் காட்டும் கைப்பேசியும் உடையவன், கோயிலையும் காண்பான், ஏரிக்குவரும் புள்ளினங்களையும் காண்பான். இவருள் முன்னவன் செய்வது யாத்திரை, பின்னவன் செய்வது உல்லாசம் என்று உலகர் ஒரு சொல்லில் முடிப்பர். அம்முடிவு பொருந்துமா என்பதே காணத்தக்கது.

துன்பம் உண்மையும் இன்மையுமே வேறுபாடு என்பார் உளர். அற்றன்று. துன்பம் தானே அறமாகாது. சுமை தூக்கிப் பிழைப்போர் நாள்தோறும் வெயிலில் நடக்கின்றனர். களவு செய்வோனும் இரவெல்லாம் நடக்கின்றான். நடையின் வருத்தமே புண்ணியமாயின் இவர்கள் எல்லாரும் யாத்திரிகர் ஆவர். உடம்பை வாட்டுதலே தவம் என்று கொண்ட காலத்தை நாவுக்கரசர் கடந்து வந்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. திருமூலரும் முன்னர் உடம்பை இழிவென எண்ணி, அதனுள்ளே இறைவன் கோயில்கொண்டமை கண்டபின் அதனைப் போற்றினார்.

இன்பம் உண்மையால் விடுமுறையாளன் நடை இழிந்தது என்பதும் பொருந்தாது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர்களின் பொருட்டு இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்து அளித்தவை என்பது சித்தாந்தம். கொடுத்தவனை மறந்து நுகர்தலே குற்றம். கொடுத்ததைக் கண்டு மகிழ்தல் குற்றமன்று. ஞானசம்பந்தர் திருப்பதிகங்களைப் பயில்வார், தலத்தின் பொழிலும் புனலும் வண்டும் மயிலும் இறைவன் புகழோடு கூடவே பாட்டுக்குப் பாட்டு வருதலைக் காண்பர். வழியின் அழகைக் காணாது கண்ணைமூடி நடந்தவர் பாடிய பாட்டுக்கள் அல்ல அவை.

அற்றேல், இறைவன் எங்கும் நிறைந்தவனாகவும், அவனை நாடி ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்கு நடத்தல் எற்றுக்கு எனின், கூறுதும் என்று சாத்திரம் விடை பகர்கின்றது. பாலில் நெய் எங்கணும் உளதாயினும் புலப்படாது. தயிரிடத்தே கடைவார்க்கு அது விளங்கித் தோன்றும். அதுபோல, எங்குமுள்ள இறைவன் திருக்கோயிலிடத்தும் அடியாரிடத்தும் தயிரில் நெய்போல விளங்கி நிற்பன் என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரத்தின் கருத்து. திருக்கோயிலையும் திருவேடத்தையும் இறைவனெனவே தொழுதல் வேண்டும் என விதித்தமையின், கோயிலை நாடி நடத்தல் மயக்கம் அன்று, அறிவேயாம். அச்சூத்திரம் கோயிலோடு அடியாரையும் ஒருங்கு வைத்தது என்பது மட்டும் ஈண்டு மறவாது கொள்ளத்தக்கது. அதன் பயன் பின்னர் விளங்கும்.

வருத்தமும் இன்பமும் வேறுபாட்டிற்கு இலக்கணம் அல்லவாயின், இலக்கணந்தான் யாது? இந்நிலத்தில் நடந்த பெரியோரின் நடையை நோக்குவார்க்கு அது விளங்கும். அவர்தம் நடைகளுள் எல்லாம் பொதுவாக அமைந்தது ஒன்று, அது தடை.

நாவுக்கரசர் முதல்முதல் இறைவனை நாடி நடந்தது பாதிரிப்புலியூரினின்று திருவதிகைக்கு. அப்பொழுது அவர் புகழ்பெற்ற தருமசேனர். ஆயினும் சூலைநோய் அவரைத் தடுத்தது. தமக்கையாரை வருவிக்க ஆளனுப்பினார். சமணப் பாழிக்கு வாரேன் என்று திலகவதியார் மறுத்தமையின் அவ்விருப்பமும் தடைப்பட்டது. தடையிரண்டும் கூடியே அவரை இரவில், பிறர் தாங்க, நோயுற்ற உடம்போடு நடக்கச் செய்தன. பின்னாளிற் கல்லோடு கடலிலே எறியப்பட்டுக் கரையேறியபின் அவர் மீண்டும் திருமாணிகுழி வழிபட்டு அதிகைக்கே நடந்தார். ஒரே தலத்திற்கு இருமுறை வந்த ஒருவர். முதல்முறை பிறர் தோளைப் பற்றிவந்தார். இரண்டாம்முறை ஊரெல்லாம் எதிர்கொள்ள வந்தார். முன்னை நடையின்றிப் பின்னை நடை இல்லை.

நம்பியாரூரர் வரலாற்றிலும் இதுவே காணப்படும். அவர் மணப்பந்தரில் இருந்தபொழுது முதிய வேதியர் ஒருவர் ஆளோலையோடு வந்து தடுத்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. தடுத்தவரே ஆண்டவர் என்பது திருவருட்டுறைக் கோயிலுட் புகுந்த பின்னரே புலப்பட்டது. அங்கிருந்து திருத்துறையூர் பணிந்து தில்லைக்கு நடக்கின்றவர் இடையிலே திருவதிகையை அணைகின்றார். நாவுக்கரசர் கையால் உழவாரத் தொண்டு செய்த பதியைக் காலால் மிதித்தற்கு அஞ்சி, ஊர்ப்புறத்துச் சித்தவட மடத்தில் தங்குகின்றார். அவர்தம் நடையை ஈண்டுத் தடுத்தது அவர்தம் அன்பேயாம். அவ்விரவு முதியவர் ஒருவர் அங்குவந்து படுத்து, தம் அடியை ஆரூரர் தலைமேற் படவைத்தார். அவர் இடம் மாறிப் படுத்தபொழுதும் மீளவும் அவ்வாறே செய்தார். நீர் யார் என்று வினவியபொழுது, எம்மை அறிந்திலையோ என்று கூறி மறைந்தார். திருவதிகை மண்ணில் அடிவைக்க அஞ்சியவர் தலைமேல் இறைவன் அடிவைத்தான்.

புதுவை ஆட்சிக்கு உட்பட்ட மற்றொரு பகுதியாகிய காரைக்காலிற் பிறந்த அம்மையாரும் கயிலை மலையைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையாலே நடந்தார். அம்மையாரின் அச்சமும் ஆரூரரின் அச்சமும் ஒன்றே. தான் செல்லும் இடம் தன்னினும் பெரிது என்று உணர்ந்தவனே தயங்குவான். இடமெல்லாம் தான் கண்டு களித்தற்கே உள்ளது என்று எண்ணுபவனுக்குத் தயக்கம் ஏது?

தடைகளுள் தலையாயது நாவுக்கரசரது கயிலைச் செலவில் நிகழ்ந்தது. கால்கள் தேய்ந்தன, கைகளால் தவழ்ந்தார், கைகள் சிதைந்தன, மார்பால் உந்தினார், பின்னர்ப் புரண்டார். அந்நிலையில் முனிவர் உருக்கொண்டு எதிர்வந்த இறைவன், மானுடர்க்குக் கயிலை எய்தற்கரிது, மீள்க என்று தடுத்தான். அவர் மீள உடன்படவில்லை; ஆயினும் இறைவன் பணித்தபடி பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். தமிழகத்தின் பெரும்பகுதியைக் காலால் அளந்த அடியவர் தாம் குறித்த மலையை நடந்து அடைந்திலர். அடையாதவர் இழந்தது யாதேனும் உண்டோ எனின், இல்லை. ஐயாற்றிற் களிறும் பிடியும், சேவலும் பெடையும் இணையிணையாக வருதலைக் கண்டார். அவற்றையே அம்மையப்பராகக் கண்டு கயிலைக் காட்சியை அங்கேயே பெற்றார். விடுமுறையாளன் ஏரிக்கரையில் நின்று காணும் புள்ளினங்களும் விலங்கினங்களுமே அவர்க்கும் காட்சிப்பொருளாயின. ஆயின் அவர் கண்டது வேறு. காரணம், நான் சென்றடைவேன் என்னும் முனைப்பு வழியிலேயே தேய்ந்து ஒழிந்தமை.

இவற்றால் துணியப்படுவது யாதெனின், தான் வகுத்த திட்டத்தை இறைவன் குறுக்கிட்டு மாற்றுதற்கு உடன்பட்டு நடப்பதே யாத்திரை. தன் திட்டம் சிறிதும் மாறாதிருத்தலையே விரும்பி, குறுக்கிடுவன யாவற்றையும் பகையாக எண்ணி நடப்பது உல்லாசம். காலணியும் பையும், நோன்பும் நீறும் இவ்வேறுபாட்டை முடிவு செய்வன அல்ல.

சித்தாந்தம் இதற்கு அடிப்படை கூறுகின்றது. இறைவன் ஐந்தொழில்களுள் ஒன்று மறைத்தல். அவனது திரோதான சத்தி மலத்தோடு உடன்நின்று மறைத்தலின் மலமெனவும் பெயர் பெறும். ஆயினும் அது செய்வது அருளேயாம். குழந்தை கைநீட்டும் பொருளைத் தாய் மறைத்து வைத்தல் பகைமையன்று. அதற்கு ஏற்ற காலம் வருமளவும் காத்தலேயாம். உயிர் பக்குவம் எய்தியவிடத்து மறைத்த சத்தி தானே அருட்சத்தியாக நின்று விளக்கும். ஆகவே, வழியில் நேரும் தடையும் கோயிலில் நேரும் காட்சியும் இருவேறு தெய்வத்தின் செயல்கள் அல்ல. ஒருவனே ஓரிடத்து மறைக்கின்றான், ஓரிடத்துக் காட்டுகின்றான். பெற்றபொழுது களிப்பும் பெறாதபொழுது வெகுளியும் இன்றி இரண்டையும் ஒப்ப நோக்கும் இருவினையொப்பு என்னும் பெருநிலைக்குச் சிறியதொரு பயிற்சிக்களமாக அமைவது யாத்திரை.

தமிழ்மொழியிலே நடை என்னும் சொல் நடத்தலையும் குறிக்கும். கோயில் வாயிலையும் குறிக்கும். நடை சாத்திவிட்டார்கள் என்று கோயிலடியில் நாள்தோறும் கேட்கின்றோர், தம் நடையும் அங்கே சாத்தப்பட்டதாக எண்ணி வருந்துவர். அவ்வருத்தத்திலேதான் உள்ளம் வெளிப்படும்.

மேற்கூறிய இருவரையும் மீண்டும் நோக்குக. திருமாணிகுழியைக் கடந்து இருவரும் திருவதிகைக்கு விரைகின்றனர். உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்தப்படும். மாலைவரை காத்திருப்பின் அன்றைய வழி குறைப்படும். இடையில், வெயிலால் மயங்கிய மூதாட்டி ஒருத்தி புளியமரத்தடியில் வீழ்ந்து கிடக்கின்றாள். நேர்ந்துகொண்டவன் ஒருகணம் நின்று, வேறு யாரேனும் வருவர் என்று தேறி, நேர்ந்த கடன் பிழையாதிருத்தல் வேண்டும் என்று மேற்செல்கின்றான். விடுமுறையாளன் நின்று நீர் கொடுத்து, வெயில் தணிந்தபின் வந்தவழியே திரும்பி அவளை அவளது ஊரிற் சேர்க்கின்றான். முன்னவன் வீரட்டானேசுவரரைக் கண்குளிரக் கண்டான். பின்னவன் அன்று கோயிலைக் கண்டிலன். அவன் திட்டத்தில் ஒருநாள் கெட்டது. இருவருள் யாத்திரை செய்தவன் எவன்?

கோயிலையும் அடியாரையும் ஒருங்கு வைத்த சூத்திரத்தை ஈண்டு நினைக. உயிர்கள் யாவும் இறைவனுக்கு அடிமையாதல் ஒருதலை. நேர்ந்துகொண்டவன் நாடிச்சென்ற பொருளே புளியமரத்தடியிலும் அவனை எதிர்நோக்கிக் கிடந்தது. அவன் அதனைத் தடையென்று கண்டான். ஆயினும் அவனைப் பழித்து ஒதுக்குதலும் அறமன்று. அவனும் அன்பினால் விரைந்தவனே. அன்பு ஓரிடத்து மட்டுமே கண்ணுடையதாய் இருந்தது. அன்றிரவு அம்மூதாட்டியின் நினைவு அவன் உறக்கத்தைக் கெடுக்குமாயின், அத்துயரே அவனுக்குத் தொடங்கிய யாத்திரை. விடுமுறையாளனும், யான் செய்த உதவி கோயில் வழிபாட்டினும் பெரிது என்று பிறர்க்கு எடுத்துரைத்து மகிழத் தொடங்குவானாயின், பெற்றதை அவ்விடத்தே இழந்தவனாவான்.

அற்றேல், தடையெல்லாம் அருளே என்று கொண்டால், காலிற் கொப்புளம் எழுந்தவுடன் திரும்புவோனும், சோம்பலால் ஒருநாள் முழுதும் சத்திரத்திற் படுத்திருப்போனும், இறைவன் தடுத்தான் என்று கூறித் தப்பலாமே எனின், நன்று கடாயினாய். தடையை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. தடையின் முன் நின்றபொழுது, தன்னைக் காத்துக்கொள்ளும் வழி எளிதாயிற்றா, தன்னை விட்டுக்கொடுக்கும் வழி திறந்ததா என்று நோக்குதல் வேண்டும். முன்னையது சோம்பல் கொண்ட வேடம், பின்னையது அருள். நாவுக்கரசர் முனிவர் தடுத்த மாத்திரையில் மகிழ்ந்து திரும்பவில்லை. உடல் வீழினும் மீளேன் என்று நின்றபின்னரே அருள் வெளிப்பட்டது. நடக்கத்தக்க அளவும் நடந்தவனுக்கே தடை பொருளுடையது. கால் புண்ணாயவழி ஆறவிட்டுப் பின் நடத்தலும், மருந்திடுதலும், நிழல்தேடி இருத்தலும் குற்றமல்ல. உடம்பும் இறைவன் தந்த கருவியே ஆதலின், அதனை வீணே சிதைத்தல் காணிக்கையாகாது.

இனி, நடக்கவே இயலாதவர் நிலை யாது? முதியோரும் நோயுற்றோரும் முடவரும் வண்டியில் வந்து வழிபடுவாராயின் அவர்தம் வழிபாடு குறையுடைத்தோ எனின், அன்று. ஞானசம்பந்தர் இளமையில் தந்தையார் தோள்மேல் அமர்ந்தே தலங்களை வழிபட்டார். திருவரத்துறையில் இறைவனே முத்துச் சிவிகை அருளினான். நின்றவூர்ப் பூசலார் எங்கும் செல்லாது இருந்த இடத்திலேயே மனத்தாற் கோயில் எடுத்தார்; மன்னன் எடுத்த கற்றளியினும் முன்னாக இறைவன் அதனுட் புகுந்தான். ஆகவே, யான் நடந்தேன், நீ ஊர்தியில் வந்தாய் என்று ஒருவன் மற்றவனை நோக்குவானாயின், அவன் கடந்த தொலைவெல்லாம் ஆணவத்திற்கு இட்ட உணவாயிற்று. எண்ணிய அடிகளைக் கைப்பேசி நாள்தோறும் காட்டுகின்றது. அக்கணக்கில் அகந்தை ஏறிய அளவு காட்டப்படுவதில்லை. சிக்கோக்குத் தீவில் நடப்போர், தனித்து நடப்பினும் தம் குருவாகிய கோபோ தைசி உடன்நடக்கின்றார், ஆதலின் இருவராய்ச் செல்கின்றோம் என்று நம்புவர் என்ப. யான் தனியே நடந்து முடித்தேன் என்னும் செருக்கை அறுக்கும் நல்ல எண்ணம் அது, எச்சமயத்தார்க்கும் ஏற்புடையது.

வழியில் நடவாது வழிக்கு உதவுவோரும் யாத்திரையின் பயனைப் பெறுவர். அப்பூதியடிகள் திங்களூரில் வழிச்செல்வார்க்கென நாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். அவர் நாவுக்கரசரைத் தேடி நடந்திலர். நாவுக்கரசரே அவர் மனையைத் தேடி வந்தார். செட்டிநாட்டினின்று பழநிக்கும், யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியினின்று கதிர்காமத்துக்கும் இன்றும் நிகழும் நெடும் பாதயாத்திரைகள் வழியூர்களிலே நீரும் மோரும் சோறும் ஏந்தி நிற்கும் கைகளாலேயே நடைபெறுகின்றன. பாகூர் ஏரிக்குப் பெண்ணையாற்று நீரைக் கொணரும் பங்காரு வாய்க்காலைப் பற்றி அவ்வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகின்றது. பங்காரி, சிங்காரி என்னும் உடன்பிறந்த பெண்டிர் இருவர் தம் பொருளையெல்லாம் கொடுத்து வாய்க்கால் வெட்டுவித்தனர் என்பது அக்கதை. கதையின் வரலாற்றுண்மை எவ்வாறாயினும், ஊரார் அதனைச் சொல்லிவரும் கருத்துத் தெளிவானது: ஓரிடத்து நின்றே ஆயிரம் பேர் தாகம் தீர்த்தவர் நெடுவழி நடந்தவரினும் குறைந்தவர் அல்லர்.

வில்லியனூர்த் தேர்விழாவிற் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடிக்கும் வழக்கம் இருந்தது. துணைநிலை ஆளுநர் வடம் பிடித்தலாக அது பின்னும் தொடர்ந்துள்ளது. வடத்தைத் தொட்டார்க்கு அங்கே தனிநடை இல்லை. தேர் நின்றால் அனைவரும் நிற்றல் வேண்டும். தேர் நகர்ந்தால் அனைவரும் நகர்தல் வேண்டும். ஆளுநராயினும் உழவராயினும் தம் விருப்பப்படி முன்னே ஓடுதல் இயலாது. தலயாத்திரையின் இலக்கணம் முழுவதும் அவ்வடத்திற் கட்டப்பட்டுள்ளது. நிற்கச் செய்பவன் நிற்கச் செய்யும்பொழுது நிற்றலும், செல்லச் செய்பவன் செல்லச் செய்யும்பொழுது செல்லுதலுமே அது.

ஆதலின், விடுமுறை கருதி நடப்போரைச் சைவ நன்மக்கள் இகழாதிருப்பாராக. பறவை காண வந்தவனைப் பரமன் காணவைப்பதும் உண்டு. பரமனைக் காண வந்தவன் தன்னையே கண்டு மீள்வதும் உண்டு. இன்பத்தின் பொருட்டுப் புறப்பட்டவனும் வழியில் ஒரு தடைக்குத் தலைவணங்குவானாயின், அந்த இடத்தினின்று அவன் யாத்திரிகன். புண்ணியத்தின் பொருட்டுப் புறப்பட்டவனும் தடையைச் சினந்து கடப்பானாயின், அந்த இடத்தினின்று அவன் வெறும் வழிப்போக்கன். நடப்போர் தம் திட்டத்திற் சிறிது வெற்றிடம் விடுவாராக. நாளின் ஒவ்வொரு நாழிகையையும் முன்னரே நிரப்பி வைத்தவன் வழியில், இறைவன் வந்து நிற்றற்கு இடம் இல்லை.

எட்டாம்நாள் மாலை இருவரும் பாகூர் ஏரிக்கரையில் மீண்டும் சந்திப்பாராயின், எத்தனை தலம் கண்டாய் என்று ஒருவரையொருவர் வினவுதலினும், எங்கே நின்றாய் என்று வினவுதல் நன்று. அவ்வினாவிற்கு விடைகூற ஓரிடமேனும் உடையவன் திருமூலநாதர் சந்நிதியில் மகிழ்ந்து நிற்பானாக. அத்தகைய இடம் ஒன்றும் இல்லாதவன் மனந்தளர்தல் வேண்டா. ஏரிக்கரையினின்று வீடு செல்லும் வழி இன்னும் எஞ்சியுள்ளது.

திருச்சிற்றம்பலம்.